திறந்த கூரை மூட மறுத்தது: திற்பரப்பு அருகே ஒரு சூரிய உலர்களத்தில் மோட்டார் திசைமாற்றப் பழுது

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் எதையும் வெயிலில் உலர்த்துவது எளிதன்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும்; அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். ஜாதிக்காய் மிகுதியாகப் பழுத்து உதிர்வதோ ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த பத்திரி ஒருமுறை நனைந்துவிட்டால் நிறம் கெட்டுப் பூஞ்சை பிடிக்கும், விலையும் அன்றே பாதியில் நிற்கும். அதனால் குலசேகரம், திற்பரப்பு பக்கங்களில் ஜாதிக்காயும் நல்லமிளகும் தேங்காயும் ஒன்றாக வைத்திருக்கிற வீடுகளில், களத்தின் மேல் மழைக்கு முன் மூடிக்கொள்ளும் கூரை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் உண்டு.

இந்த ஆய்வுக்கு உரிய களம் அப்படிப்பட்ட ஒரு வீட்டினுடையது. இரும்புக் குழாய்களால் செய்த சட்டத்தின் மேல் யு.வி. (புற ஊதாக் கதிரைத் தாங்கும்) பாலித்தீன் தாள் போர்த்திய கூரை, கீழே நான்கு சக்கரங்களுடன் தண்டவாளம் போன்ற இரண்டு ஆங்கிள்களின் மேல் ஓடும். அதை இழுப்பது பழைய வண்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் வைப்பர் மோட்டார். நாகர்கோவிலில் உதிரிபாகக் கடையில் வாங்கியது. 100 வாட் சூரியத் தகடு ஒன்று, கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, 40 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று. தகட்டிலிருந்து மோட்டாரை நேரடியாக ஓட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூரையை மூட வேண்டிய நேரம் மேகம் கறுத்து வெயில் போன நேரம். அப்போது தகட்டில் மோட்டாரை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இராது. ஆகவே இந்த வேலைக்குப் பேட்டரி தவிர்க்க முடியாதது.

வராந்தாவில் ஆறு முனைகள் கொண்ட திசைமாற்றுச் சுவிட்ச் இருந்தது. நிரந்தரக் காந்தம் உள்ள டி.சி. மோட்டாரில் இரண்டு வயர்களின் பிளஸ், மைனஸை இடம் மாற்றினால் சுழலும் திசை மாறும். அதற்கு வழி எளிது: நடுவிலுள்ள இரண்டு முனைகளில் மோட்டாரின் இரு வயர்கள், மேலுள்ள இரண்டு முனைகளில் பேட்டரியின் பிளஸும் மைனஸும், மேலிருந்து கீழே குறுக்காக இரண்டு துண்டு வயர்கள். லிவரை மேலே தள்ளினால் நேராகவும், கீழே தள்ளினால் குறுக்காகவும் மின்சாரம் போகும். நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுற்றால் காந்தம் உண்டாக்கும் மோட்டார்களில் இது பலிக்காது. அங்கே இரண்டும் சேர்ந்து மாறுவதால் சுழற்சி பழைய திசையிலேயே இருக்கும். வைப்பர் மோட்டார்களில் பெரும்பாலானவை நிரந்தரக் காந்தம் உள்ளவையே. இந்தக் களத்தில் இருந்ததும் அவ்வகைதான்.

ஜூன் முதல் வாரத்தில் அந்த வீட்டு அம்மா என்னை அழைத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "மக்களே, திறக்கச் சொன்னா ஒழுங்கா திறக்குது. மூடச் சொன்னா மட்டும் அனக்கமே இல்ல. இப்பம் வயருல இருந்து ஒரு மணமும் வருது." நான் போய்ப் பார்த்தபோது, சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போகும் பி.வி.சி. பைப்பு ஓரிடத்தில் வளைந்து தொங்கியிருந்தது. உள்ளே இருந்த 1 ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு) வயரின் சிவப்புத் தோல் உருகிப் பைப்பின் சுவரோடு ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் கொப்பரை மூட்டைகள் அடுக்கியிருந்தன. கொப்பரையில் எண்ணெய்ச் சத்து எவ்வளவு என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 12 வோல்ட்தானே, கையை வைத்தாலும் ஒன்றும் ஆகாதே என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மனிதனைத் தாக்கும் அளவுக்கு 12 வோல்ட் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வயரைச் சூடாக்குவது வோல்ட் அன்று, ஆம்பியர்.

பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை நிறம், 30 ஆம்பியர். முதலில் 10 ஆம்பியர் பியூஸ்தான் இருந்ததாகவும், மூடும் பக்கம் லிவரைத் தள்ளிய ஒவ்வொரு முறையும் அது போய்விட்டதால் வேறொருவர் வந்து பெரியதைப் போட்டுவிட்டதாகவும் அம்மா சொன்னார். அவரே சுவிட்சையும் இருமுறை மாற்றியிருக்கிறார். திறக்கும் பக்கம் சரியாக இருந்து மூடும் பக்கம் மட்டும் பழுதென்றால் சுவிட்சின் மேல் சந்தேகம் போவது இயல்பு. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் முதலில் சுவிட்சைத்தான் திறந்தேன்.

சுவிட்சில் குறையில்லை. மின்தொடர்பை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஆறு முனைகளையும் இரண்டு நிலைகளிலும் பார்த்தேன். குறுக்கு வயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மோட்டாரை, சூரியத் தகட்டையும் தாங்கும் இரும்புச் சட்டத்திலிருந்து கழற்றித் திண்ணையில் வைத்துப் பேட்டரியை நேரடியாகக் கொடுத்தேன். ஒரு திசையில் ஓடியது. வயரை மாற்றிப் பிடித்ததும் மறு திசையிலும் ஓடியது. சுவிட்ச் நன்று, மோட்டார் நன்று, உருகிய துண்டைத் தவிர வயரும் நன்று. தனித்தனியாக எல்லாம் நன்றாக இருந்து, சேர்த்துப் பொருத்தியதும் பழுது வருகிறது என்றால், பழுது எந்தப் பொருளிலும் இல்லை, அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது. இது புரிய எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்து மோட்டாரைத் திரும்பவும் சட்டத்தில் பூட்டி, உருகிய இடத்துக்குப் புதிய வயர் இழுத்து, 10 ஆம்பியர் பியூஸ் போட்டு, மோட்டாருக்கு வரும் மைனஸ் வயரை மட்டும் கழற்றி விரலில் பிடித்துக்கொண்டு திறக்கும் பக்கம் லிவரைத் தள்ளச் சொன்னேன். மைனஸ் வயர் என் கையில் தொங்கிக்கொண்டிருக்க, கூரை எப்போதும்போல் திறந்தது. பழுது எங்கே என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

மோட்டார் வாகனங்களில் பேட்டரியின் மைனஸ் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். வண்டி மெக்கானிக்குகள் இதைப் பாடி எர்த் என்பார்கள். அங்கே வைப்பர் மோட்டாருக்குத் தனியாக மைனஸ் வயர் வேண்டியதில்லை. உள்ளே சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்று கார்பன்களில் பொதுவான ஒன்று மோட்டாரின் இரும்பு உடலோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். ஸ்லோ, ஸ்பீட் என்று இரண்டு வயர்கள் மட்டும் வேகத்துக்காக வெளியே வரும். வண்டியில் மோட்டார் ஒரே திசையில்தான் ஓடுகிறது. கண்ணாடி மேல் துடைப்பான் இடமும் வலமும் போவது வெளியே உள்ள கம்பிகளின் வேலை. ஆகவே அங்கே பாடி எர்த்தால் தொல்லை இல்லை. இங்கோ, திசையை மாற்றும்போது பொதுக் கார்பனுக்குப் பிளஸ் போகிறது, அதோடு மோட்டாரின் முழு உடலும் பிளஸ் ஆகிறது. இந்தக் களத்தில் சூரியத் தகடு தாங்கிய சட்டம், இடிமின்னலுக்காக எர்த் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. பேட்டரியின் மைனஸும் அதே கம்பியோடு சேர்க்கப்பட்டிருந்தது. சட்டம் மைனஸ், அதில் பூட்டிய மோட்டாரின் உடல் பிளஸ். லிவரைக் கீழே தள்ளுவது பேட்டரியின் இரு முனைகளை நேராகச் சேர்ப்பதற்குச் சமமாகிவிட்டது. திசைமாற்றும் எந்த மோட்டாரிலும் இரண்டு முனைகளும் முறைவைத்துப் பிளஸாகவும் மைனஸாகவும் ஆகின்றன; எனவே இரண்டில் ஒன்றுகூட உடலோடு சேர்ந்திருக்கக் கூடாது. சுவிட்சில் வயர் போடுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பியூஸ் ஏன் போகவில்லை, வயர் ஏன் உருகியது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 1 ஸ்கொயர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம் தடை. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு 6 மீட்டர், சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு 12 மீட்டர். பிளஸ் போகும் வழியில் மட்டும் 0.33 ஓம் ஆகிறது. சட்டம், எர்த் கம்பி, இணைப்புகள், பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்த்து மொத்தம் 0.4 ஓம் என்று வைத்தால், 12.6 வோல்ட் பேட்டரியிலிருந்து 31 ஆம்பியர் ஓடும். 10 ஆம்பியர் பியூஸுக்கு அது மூன்று மடங்கு, கண் இமைப்பதற்குள் போய்விடும். 30 ஆம்பியர் பியூஸுக்கோ அது ஏறக்குறைய தாங்கக்கூடிய அளவு. தன் அளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதல் மின்சாரத்தை மணிக்கணக்கில் சுமக்கும்படிதான் பிளேடு பியூஸ்கள் செய்யப்படுகின்றன. பியூஸ் நின்றது, வயர் தாளவில்லை. 31 ஆம்பியர் 0.33 ஓம் வழியாக ஓடினால் முந்நூறு வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் காற்றில்லாத பைப்புக்குள். அம்மா லிவரைத் தள்ளிக் கூரை அசையாததைப் பார்த்து, "கொஞ்சம் நேரம் பிடிச்சிருந்தா ஓடுமோ" என்று பிடித்தபடி நின்ற அரை நிமிடத்தில் வந்ததுதான் அந்த மணம். முதலில் இருந்த 10 ஆம்பியர் பியூஸ் ஒவ்வொரு முறையும் சரியான செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் கடந்த ஆண்டு முழுவதும் இந்தக் கூரை எப்படி இரு பக்கமும் ஓடியது? இதைக் கேட்காமல் வேலையை முடித்திருந்தால் பாதிதான் புரிந்திருக்கும். விசாரித்தபோது தெரிந்தது இது. தொடக்கத்தில் மோட்டார் ஒரு அயனி மரப் பலகையில் பூட்டப்பட்டிருந்தது, கூரையை இழுத்தது நைலான் கயிறு. மரமும் நைலானும் மின்சாரத்தைக் கடத்தாதவை. மழையில் கயிறு வழுக்குகிறது, பலகை ஊறிப் பிளக்கிறது என்று மே மாதத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, கயிற்றுக்குப் பதில் சைக்கிள் செயின் போட்டிருக்கிறார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்த, உறுதியான வேலை. வயரில் யாரும் கை வைக்கவில்லை என்பதாலேயே யாருடைய எண்ணமும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருவரும் அறியாமல் காவல் காத்தது அந்தப் பலகை.

அன்று நான் செய்த சரிசெய்தல் முழுமையானதன்று. லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகளை மோட்டாருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே வைத்து, போல்ட்டுகளுக்கு நைலான் புஷ் போட்டு, மல்டிமீட்டரை வைத்தேன். உடலுக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. பிறகு செயினை மாட்டி, திறந்தும் மூடியும் பத்துமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மார்த்தாண்டம் திரும்பினேன்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. பியூஸ் ஒருமுறை போய்விட்டது. அதோடு அம்மா சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு வழிகாட்டியது: கூரை திறக்கும்போது சில நேரம் வேகமாகவும் சில நேரம் மெதுவாகவும் போகிறது. வேகத்துக்கும் பியூஸுக்கும் என்ன தொடர்பு என்று பேருந்தில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். மோட்டார் சாதாரணமாக 4 ஆம்பியர் எடுக்கிறது. போக 18, வர 18 என்று 36 மீட்டர் 1 ஸ்கொயர் வயரில் 0.65 ஓம் தடை, 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். சட்டமும் மைனஸ் வழியாகச் சேர்ந்து உதவினால் அந்த இழப்பு 1.5 வோல்ட் அளவுக்குக் குறையும், மோட்டார் வேகமாக ஓடும். ஆக, வேகமாக ஓடும் நேரமெல்லாம் மோட்டாரின் உடல் மீண்டும் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எங்கே? உடலை ரப்பர் பிரித்தது. ஆனால் உடலின் வாயிலுள்ள புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையத்தில்) சுழலும் இரும்புத் தண்டு, அதில் பல்சக்கரம், பல்சக்கரத்தில் செயின், செயினிலிருந்து கூரை, கூரையின் சக்கரம், ஆங்கிள், சட்டம். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் படலம் இருக்கும்போது தொடர்பு அறுகிறது, படலம் விலகும்போது சேர்கிறது. திறக்கும் பக்கம் அது வேகமாக மட்டுமே தெரியும். மூடும் பக்கம் பியூஸ் போகும். நான் மீட்டரை வைத்தது செயினை மாட்டுவதற்கு முன். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு அளக்காததுதான் என் பிழை. அதை இங்கே பதிவு செய்வது கடமை.

பேட்டரி மைனஸை எர்த் கம்பியிலிருந்து கழற்றிவிட்டால் போதாதா என்று வீட்டுக்காரரின் மகன் கேட்டார். கழற்றினால் கூரை இரு பக்கமும் ஓடும் என்பது சரி. ஆனால் மூடும் நேரமெல்லாம் முழுச் சட்டமும் பிளஸாக நிற்கும். ஓர் எலி ஏதாவது ஒரு மைனஸ் வயரைக் கடித்துச் சட்டத்தில் படவைத்தால் பழைய பழுது திரும்பிவிடும். செயினுக்குப் பதில் மீண்டும் கயிறு போடுவதும் ஒரு வழி. ஆயினும் மோட்டாருக்குள்ளேயே பழுதின் வேரை எடுப்பதுதான் சரி என்று தோன்றியது.

மோட்டாரின் பின்மூடியைத் திறந்தேன். பொதுக் கார்பனின் செம்புப் பின்னல் ஒரு சிறு ரிவெட்டால் மூடியோடு சேர்ந்திருந்தது. ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, பின்னலின் முனையில் லக்கு (வயரை இணைக்கும் உலோக முனை) வைத்து, 2.5 ஸ்கொயர் வயர் ஒன்றைச் சேர்த்து, மேலே சுருங்கும் உறை போட்டு, ரப்பர் வளையத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தேன். வைப்பர் சரியான இடத்தில் வந்து நிற்பதற்கான பார்க்கிங் தொடுப்பும் உடலோடு சேரக்கூடியது. அந்த வயரை வெட்டி உறையிட்டு ஒதுக்கினேன். ஸ்பீட் வயரையும் அப்படியே. ஸ்லோ கார்பன் பொதுக் கார்பனுக்கு நேர் எதிரே இருப்பதால் இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே வேகம் கிடைக்கும். கோணம் தள்ளி வைத்த ஸ்பீட் கார்பனில் அப்படி வராது. மூடியைப் பூட்டி, மோட்டாரைச் சட்டத்தில் பூட்டி, செயினையும் மாட்டிய பிறகு, மோட்டார் வயர்களைச் சுவிட்சிலிருந்து கழற்றி ஒவ்வொன்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே அளந்தேன். கூரையைக் கையால் முன்னும் பின்னும் தள்ளியபடியே அளந்தேன். முள் எங்கும் அசையவில்லை.

வயர் முழுவதையும் 2.5 ஸ்கொயருக்கு மாற்றியதில் 36 மீட்டரின் தடை 0.27 ஓமாகக் குறைந்தது. பியூஸை முடிவு செய்வதில் சற்று நேரம் செலவிட்டேன். மோட்டாரின் சுருள் தடை 0.7 ஓம், வயரோடு 0.97. கூரை எங்காவது சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் ஓடுவது 13 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் பியூஸ் அதைப் பல நிமிடங்கள்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்குள் சுருள் கருகிவிடும். 7.5 ஆம்பியர் பியூஸ் 4 ஆம்பியர் ஓட்டத்தைத் தாராளமாகச் சுமக்கும், சிக்கலில் மிக முன்னதாகவே போகும். அதையே பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் வைத்தேன்.

சுவிட்சை, நடுவில் நிற்கும் நிலை உள்ளதாக, 12 வோல்ட் டி.சி.யில் 20 ஆம்பியர் என்று பொறித்ததாக வாங்கினேன். வீட்டு ஏ.சி. சுவிட்சுகளை இதற்குப் பயன்படுத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு நூறுமுறை பூச்சியத்தைத் தொடுவதால் தொடுப்பு விலகும்போது எழும் தீப்பொறி தானே அணைகிறது, டி.சி.யில் பூச்சியமே வருவதில்லை, பொறி நீண்டு தொடுப்பைத் தின்னும். நடுநிலை வேண்டியதற்குக் காரணம் வேறு. ஓடும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு எதிராக உண்டாக்குகிறது, இங்கே அது சுமார் 8.5 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போதே லிவரை மறுபுறம் தள்ளினால் அந்த 8.5 வோல்ட் பேட்டரிக்கு எதிராக நிற்காமல் அதனோடு சேர்ந்துகொள்ளும், 12.4 உம் 8.5 உம் சேர்ந்து 0.97 ஓமில் 21 ஆம்பியரைத் தள்ளும். செயினின் பல்லுக்கும் அது நல்லதன்று. எனவே நடுவில் நிறுத்தி, மூன்று எண்ணி, பிறகு மறுபுறம்.

இரு முனைகளிலும் எல்லைச் சுவிட்ச் வைத்தோம். மோட்டாருக்குப் போகும் ஒரு வயரில் இரண்டையும் வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு. இரண்டு டயோடுகளும் எதிரெதிர்த் திசையில். கூரை முனையைத் தொட்டதும் சுவிட்சில் தொடர்பு அறுந்து மோட்டார் நிற்கும். திரும்பி வரும் மின்சாரத்துக்கு மட்டும் டயோடு வழிவிடும். டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் எல்லைச் சுவிட்ச் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும், கூரை முட்டி நின்றபடி மோட்டார் முனகும். ஆகவே கூரையை நடுவில் வைத்து ஓட்டிக்கொண்டே, ஒவ்வொரு எல்லைச் சுவிட்சையும் விரலால் அழுத்தி மோட்டார் நிற்கிறதா என்று பார்த்த பின்பே முனைவரை போகவிட்டேன்.

சுவிட்ச் பெட்டியின் மூடிக்கு உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: "பியூஸ் 7.5 மட்டும். மோட்டாருக்கு இரண்டு வயர்; இரண்டும் பாடியைத் தொடக்கூடாது. மோட்டார், செயின், சட்டம் எதை மாற்றினாலும் எல்லாம் பூட்டிய பிறகு அளக்கவும்." அக்டோபரில் அந்தப் பக்கம் போனபோது பெட்டியைத் திறந்து அளந்தேன்; முள் அசையவில்லை, பியூஸும் நான் போட்ட அதுவே. களத்தில் பத்திரி சிவந்து காய்ந்துகொண்டிருந்தது. கோதையாற்றுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா எழுந்து போய் லிவரை நடுவுக்குக் கொண்டுவந்து, வாய்க்குள்ளேயே மூன்று எண்ணி, கீழே தள்ளினார்.